ஔலிக்கு ஐந்து டிக்கெட்

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் காலமாகச் சமாளித்து வருகிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியற்காலையில் தெரு விளக்கை மறைப்பதும் பனி, இமயமலையில் ஆளுயரத்துக்குக் கிடப்பதும் பனி. திருச்சிக்காரர்களுக்கு இதில் முதல் இரண்டுதான் பரிச்சயம். அதுவே எங்களுக்கு அதிகம். டிசம்பரில் இருபது டிகிரி ஆகிவிட்டால் மன்னார்புரம் முழுக்க மங்கி குல்லாய்தான். பால் வாங்க வருகிறவர் ஏதோ லடாக் எல்லையில் டியூட்டி முடித்து வருகிறவர் போலிருப்பார். இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, பனிச்சறுக்குப் போலாம்ப்பா!" என்று என் மகள் கேட்டாள்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த 'ஒன்பதாவது' ரொம்ப முக்கியம். நம் மாநிலத்தில் பிள்ளைகளுக்கு ஒன்பதாவது வரைதான் பால்யம். பத்தாவது வந்தால் பப்ளிக் எக்ஸாம். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட இலையை மடித்த கையோடு ஆட்டோ பிடிக்கணும். அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ, கோச்சிங், கவுன்சலிங், ஹாஸ்டல். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மிச்சமிருக்கிறவர்கள் பழநி போய்வந்து அதை 'ஃபேமிலி டூர்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பக்கம் அம்மாவுக்கு எழுபத்துநாலு. அந்த முழங்கால் இன்னும் எத்தனை ஜனவரி பார்க்கும் என்று முழங்காலுக்கே தெரியாது. ஆக, போனால் வருகிற ஜனவரி. கையில் இருப்பது ஏலச்சீட்டில் வந்த ஒரு லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா என்றாலும் சமையலறையிலிருந்து அனுமதி வர வேண்டும், வராது.

பனிச்சறுக்குக்கு இரண்டு சமாசாரம் வேண்டும். ஒன்று பனி, மற்றது சரிவு. எங்கள் ஏரியாவில் சரிவு என்றால் மேம்பாலம்தான். அரிஸ்டோ ரவுண்டானா மேம்பாலத்தில் சென்னைப் பக்கம் போகும் கை ஒன்று, ராணுவ நிலம் கிடைக்காததால் 2022 வரை பல வருஷம் பாதியில் அந்தரத்தில் நின்றது. குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு வானத்தில் பாய்வார்களே, அந்த மேடை அசல் அப்படித்தான் இருக்கும். பனி மட்டும்தான் பாக்கி. நாங்கள் அருமை தெரியாமல் நிலத்தை வாங்கிப் பாலத்தை முடித்துவிட்டோம்.

"ஏன்ப்பா, ஊட்டியில பனி பெய்யாதா? கிட்டக்க இருக்கே" என்றான் பையன். ஐந்தாவது படிக்கிறான். நியாயமான கேள்வி. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். காஷ்மீர் குல்மர்க் ஏறக்குறைய 2,650 மீட்டர். அதாவது நம் உச்சிதான் அவர்களுக்குத் தரைமட்டம். ஆனாலும் உயரம் மட்டும் போதாது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி ஈரத்தைச் சுமந்துகொண்டு இமயமலையில் வந்து முட்டுகிற காற்றுக் கூட்டங்கள் உண்டு. வானிலைக்காரர்கள் 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். அங்கே பனி கொட்டுவது அவற்றின் தயவில்தான். அவை நீலகிரி வரைக்கும் வருவதில்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது முடிந்து குளிர் வருகிறபோது வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அதனால் ஊட்டியில் ஜனவரியில் விழுவது உறைபனி. புல் வெளுக்கும், உருளைக்கிழங்குச் செடி கருகும். சறுக்கலாம் என்றால் வாழைப்பழத் தோல்தான் வழி.

வெளியே போகத்தான் வேண்டும் என்றானதும் ஆளுக்கொரு யோசனை. துபாயில் இருக்கும் என் மச்சினன் போன் செய்தான். "அத்திம்பேர், எதுக்கு இமயமலை? இங்க ஷாப்பிங் மாலுக்குள்ளயே பனி இருக்கு!" அவன் சொன்னதும் உண்மைதான். பாலைவனத்து நடுவே 'ஸ்கீ துபாய்' என்று 2005-லிருந்து ஒரு கட்டடம். உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே குளிர், ஐந்து சரிவுகள், நீளமான சரிவு 400 மீட்டர். வெளியே நாற்பது டிகிரி வெயில். அங்கே கோட்டும் பூட்ஸும் வாடகைக்கே கிடைக்கும். எங்கள் வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் கால் மணி. அங்கிருந்து துபாய்க்கு நேர் விமானம், நாலு மணி நேரத்தை ஒட்டி. திருச்சிக்காரனுக்கு டெல்லிப் பனியை விட துபாய்ப் பனி கிட்டத்தில் இருக்கிறது என்பது சிரிக்க வேண்டிய விஷயமா, பெருமைப்பட வேண்டிய விஷயமா தெரியவில்லை. ஆனால் ஐந்து விமான டிக்கெட், ஐந்து விசா. தவிர அம்மா கேட்டார்: "அந்த மால்ல பெருமாள் இருக்காரா?" இல்லை. துபாய் முடிந்தது.

அப்புறம் மணாலி. பக்கத்தில் சோலாங் பள்ளத்தாக்கு. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பக்கம் போனால் இன்னும் பனி. வாஸ்தவம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மணாலிப் பக்கம் போய்வந்தது. வழியிலேயே வண்டியை நிறுத்தி, விண்வெளி வீரர் அணிகிற மாதிரி ஓர் அங்கியை வாடகைக்கு மாட்டிவிட்டார்களாம். மேலே போனதும் 'ஒரு மணி நேர ஸ்கீயிங்' என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த அறுபது நிமிஷத்தில் பூட்ஸ் மாட்ட இருபது நிமிஷம், கழற்ற இருபது நிமிஷம், போட்டோவுக்குப் பதினைந்து நிமிஷம். மீதி ஐந்து நிமிஷம் ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனாராம். "அது ஸ்கீயிங் இல்லே மாமா, சைக்கிள் கத்துக் குடுக்கற மாதிரி" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாள். ஐந்து பேர், ஐந்து நிமிஷம். நாமம் போடுவதில் வடகலை, தென்கலை தவிர மலைக்கலை என்றும் ஒன்று உண்டு போலிருக்கிறது.

இங்கே எனக்கு உபகாரம் செய்தவர் எங்கள் காலனியில் இருக்கும் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர். மன்னார்புரத்தில் கல்லைத் தூக்கிப் போட்டால் ஒன்று ஈ.பி. ஆபீஸ்காரர் மேல் விழும், இல்லாவிட்டால் எக்ஸ்-சர்வீஸ்மேன் மேல் விழும். இவர் குல்மர்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பனிச்சறுக்கு கற்றவர். இந்த நாட்டில் அந்த வித்தை வந்ததே வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகளால்தான். 1927-லேயே குல்மர்க்கில் ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள்.

சுபேதார் வராந்தாவில் இரண்டு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று காண்பித்தார். கால் கட்டைகளின் முன் நுனிகளைக் கிட்டே சேர்த்து, பின் நுனிகளை அகட்டி, முழங்காலை மடித்துத் தள்ள வேண்டும். அதுதான் பிரேக். எதிரே நின்று பார்த்த அம்மா, "நாமம் மாதிரின்னா இருக்கு!" என்றார். பாதம் இல்லை, வளைவும் இல்லை, ஆகவே எந்தக் கலையிலும் சேராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"தம்பி, முதல் நாள் விழுவீங்க. ரெண்டாம் நாள் நிப்பீங்க. மூணாம் நாள்தான் நிறுத்தத் தெரியும். நிறுத்தத் தெரிஞ்ச பிறகுதான் ஓடறதுல ருசி. ஒரு நாளோட திரும்பினா விழுந்ததுக்கு மட்டும் காசு குடுத்த மாதிரி. அதனால நாளைக் குறைக்காதீங்க. ஊரைக் குறைங்க" என்றார் சுபேதார்.

இந்த ஒரு வார்த்தை என் பட்ஜெட்டையே திருப்பிப் போட்டது. நம்மவர்கள் டூர் போடுகிற லட்சணம் தெரியுமே! எட்டு நாளில் டெல்லி, ஆக்ரா, ஹரித்வார், சிம்லா, மணாலி, திரும்பும்போது மதுரா. பஸ் ஜன்னல் வழியாக இந்தியா. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ராத்திரி லாட்ஜ், ஒரு டாக்ஸி, ஒரு 'பார்க்கிங் தனி சார்'. பணம் போவது அதில்தான். ஒரே இடத்தில் நாலு நாள் உட்கார்ந்தால் டாக்ஸி சும்மா நிற்காது, பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை, கால் கட்டையையும் நாள் கணக்கில் வாடகைக்குப் பேசலாம். ரொம்ப மலிவான வழி பயிற்சி வகுப்பில் சேர்வது. உத்தராகண்டில் அரசாங்க நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் ஔலியில் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. தங்கல், சாப்பாடு, கட்டை, பூட்ஸ், ஆசான் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். குல்மர்க்கிலும் மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம். கல்யாணமாகாத, லீவுக்குப் பஞ்சமில்லாத இளைஞர்கள் இதைப் படித்தால் மீதிக் கட்டுரையைப் படிக்காமல் உடனே எழுதிப் போடவும்.

குடும்பஸ்தனுக்கு அங்கேதான் இடிக்கிறது. லீவு! தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு நீளமாக லீவு விடுவது மே மாதம். அப்போது ஔலியில் பசும்புல்தான் இருக்கும். அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில். அப்போது பனி இன்னும் சரியாக விழுந்து இறுகியிருக்காது; கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அறை வாடகை மட்டும் நன்றாக ஏறியிருக்கும். பனி நன்றாகப் படிவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அந்தச் சமயத்தில் இங்கே ரிவிஷன் டெஸ்ட். நம் பாடத்திட்டத்தைப் போட்ட புண்ணியவான்கள் யாரும் பனிச்சறுக்கை மனத்தில் வைக்கவில்லை.

அரையாண்டு லீவுக்கு வேறொரு தடையும் உண்டு. அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து முடியாமல் அவரைக் காவிரிப் பாலம் தாண்டிக் கூட்டிப்போக முடியாது. எந்த எக்ஸ்பிரஸ்ஸும் வைகுண்ட ஏகாதசிக்கு அப்புறம்தான்.

காலண்டரை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒரு ராத்திரி உட்கார்ந்தோம். பொங்கலுக்குக் கிளம்பி குடியரசு தினத்தை ஒட்டித் திரும்பினால் நடுவில் பள்ளிக்கூடம் ஐந்தாறு நாள்தான் போகும். "அத்தைக்குப் பெருமாள் சேவிக்கணும்னு லெட்டர் குடுப்போம். பொய்யில்லையே" என்றாள் மனைவி. அவள் அம்மாவை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவாள். சொந்த அத்தையே ஆகையால். பன்னிரண்டு நாள் கிடைத்தது. போக வர ரயிலும் மலைப்பாதையும் எட்டு நாளைத் தின்றுவிடும். மீதி நாலு நாள். ஏழு நாள் வகுப்பு நமக்குப் பொருந்தாது. ஆசான் ஒருவரை மூன்று நாளுக்குப் பேசிக்கொள்வது, நாலாம் நாள் எங்கள் இஷ்டம்.

பெருமாளை எப்படி உள்ளே கொண்டுவந்தோம் என்று சொல்லவில்லையே! குல்மர்க்கா, ஔலியா என்று தராசு ஆடிக்கொண்டிருந்தது. குல்மர்க் சாமானியமில்லை. ஆப்பர்வாட் மலைமேல் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை தொங்கு ரயில் போகிறது. முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் வந்தது. 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் வேறு; ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே செனாப் பாலத்தின்மீது மூன்று மணி நேரப் பயணம். பையன் பாலத்துக்காகவே காஷ்மீர் கட்சியில் சேர்ந்துவிட்டான். அப்போதுதான் நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "ஔலிக்கு ஜோஷிமட் வழியாப் போகணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மா ஜபமாலையைக் கீழே வைத்தார். "ஜோஷிமட்டா? ஏண்டா, அது திருப்பிரிதின்னா!"

ஆமாம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருப்பிரிதி என்று வைணவர்கள் போய்ச் சேவிப்பது ஜோஷிமட் நரசிம்மர் கோயிலைத்தான். மங்களாசாசனம் செய்தவர் திருமங்கையாழ்வார். போகிற வழியில் தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பெயர் மாறுகிற இடம். பத்ரிநாத் குளிர்காலத்தில் மூடியிருக்கும். அதனாலென்ன, ஒரு டாக்ஸி வாடகையில் இரண்டு திவ்ய தேசம்! "திருமங்கையாழ்வார் ஆலி நாட்டுக்காரர். அவர் பாடின ஊருக்கு மேல இருக்கற ஊருக்குப் பேரும் ஆலியா!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹிந்தியில் அது ஔலி என்று நான் திருத்தப் போகவில்லை. ஆலி என்றால் பழந்தமிழில் ஆலங்கட்டி என்றும் அர்த்தம். ஐந்தில் மூன்று ஓட்டு விழுந்துவிட்டது. பையன் அடுத்த ஜன்மத்தில் செனாப் பாலம் பார்ப்பான்.

ஆனால் ஜோஷிமட் என்றதும் எனக்கு நெஞ்சில் ஓர் இடறல். 2023 ஜனவரியில் அந்த ஊர் புதைந்த செய்தி ஞாபகம் இருக்கும். எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். கூடத்துச் சுவர் பிளந்து, பெட்டி படுக்கையோடு ஜனங்கள் நிவாரண முகாமில் கிடந்தார்கள். ஊரே பழைய மண்சரிவின்மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டடம் கட்டாதீர்கள் என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எழுதிக் கொடுத்திருந்தது. ஜோஷிமட்டிலிருந்து ஔலி வரை போகும் நாலு கிலோமீட்டர் ரோப்வேயை அந்த 2023 ஜனவரியில்தான் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஊருக்கு ஜோதிர்மட் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றினால் மண் கேட்குமா?

அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்த நரசிம்மருக்கு ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருகிறது, என்றைக்கு அது ஒடிகிறதோ அன்று மலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பத்ரிக்குப் போகிற வழி மூடிப்போகும் என்று அங்கே ஐதீகம். "அதுக்கு முன்னாடி சேவிச்சுடணும்" என்றார் நிதானமாக. கமிட்டி சொன்னதும் ஐதீகம் சொன்னதும் ஒன்றாக இருந்தால் நான் என்ன சொல்வது!

போகலாமா, கூடாதா என்று மனைவியும் நானும் இரண்டு நாள் பேசினோம். விரிசல் விட்ட ஊரில் போய் விளையாடிவிட்டு வருவதா என்று அவள் கேட்டாள். சுபேதார் வேறு மாதிரி சொன்னார். "வீடு விரிஞ்சு போச்சு. டூரிஸ்டும் வரலேன்னா அவங்க அடுப்பும் அணைஞ்சிரும் தம்பி." இரண்டுமே சரிதான். கடைசியில் இப்படி முடிவு: ஜோதிர்மட்டில் அடுக்குமாடி ஹோட்டல் வேண்டாம். பெருமாளைச் சேவித்துவிட்டு அன்றைக்கே ஔலிக்கு ஏறிவிடுவது, விகாஸ் நிகாம் விடுதியில் தங்குவது, வாளி வாளியாக வெந்நீர் கேட்டு ஸ்நானம் பண்ணாமலிருப்பது. கடைசி ஷரத்துக்கு அம்மா மட்டும் விதிவிலக்கு.

இனி பாதை. திருச்சியிலிருந்து டெல்லிக்கு, அதாவது ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கு, நேர் வண்டி இரண்டு. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி. இரண்டும் தினசரி வண்டியல்ல. ஆகவே தேதியை முடிவு செய்வது நாமல்ல, ரயில்வே. அறம், இன்பம் இரண்டும் வண்டியின் பெயரிலேயே இருக்கிறது. பொருள் மட்டும் நாம் கொடுக்கணும். தூங்கும் வகுப்பில் ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான். ஆனால் ஜனவரி ராத்திரியில் நாக்பூர் தாண்டிய பிறகு ஜன்னல் இடுக்கில் வருகிற காற்றுக்கு எழுபத்துநாலு வயசு தெரியாது. அதனால் மூன்றடுக்கு ஏ.சி.; கட்டணம் இரண்டரை மடங்கு. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட் என்று 2016-லிருந்து விதி. ஆக அம்மாவும் முழுசு, பையனும் முழுசு. வடக்கே ஜனவரி மூடுபனியில் வண்டி தாமதமாகும்; டெல்லியில் ஒரு அரை நாள் கையிருப்பு வைக்காமல் ஹரித்வார் வண்டியைப் பிடிக்கத் திட்டமிடக்கூடாது.

ரிஷிகேஷிலிருந்து ஜோதிர்மட் சுமார் 250 கிலோமீட்டர். திருச்சி - சென்னையை விடக் குறைவு. ஆனால் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம், அதுவும் ரோடு நல்ல புத்தியோடு இருந்தால். அங்கிருந்து ஔலிக்கு மலைரோட்டில் பதினாலு கிலோமீட்டர் சொச்சம். பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய ஜீப்பில்தான் ஏற முடியும். ஔலி 2,500 மீட்டரில் ஆரம்பித்து 3,000 மீட்டருக்கு மேல் போகிறது. அம்மாவின் டாக்டரைக் கேட்டோம். பி.பி. மாத்திரையை விடக்கூடாது, போன அன்றைக்கே மேலும் கீழும் நடக்கக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றார். "அங்கேருந்து 7,816 மீட்டர் நந்தாதேவி தெரியும் பாட்டி" என்றாள் மகள். "உட்கார்ந்தபடியே தெரியுமோல்லியோ?" என்றார் பாட்டி. தெரியும்.

லட்சத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம். ரயிலுக்கு இருபத்தையாயிரம். மலைமேல் ஏறி இறங்க டாக்ஸிக்கு இருபத்தையாயிரம். தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் இருபத்தையாயிரம். சறுக்குகிற மூன்று பேருக்குக் கட்டை, பூட்ஸ், ஆசான் வகையில் பதினையாயிரம். மூன்று பேர் யார்? மகள், மகன், அடியேன். மனைவி "நான் நிக்கறதுக்கே மூணு நாள் ஆகும், போட்டோ எடுக்கறேன்" என்று விலகிவிட்டாள். மீதிப் பத்தாயிரம் ஆபத்துக்கு. ரோடு அடைபட்டால் ஒரு நாள் கூடத் தங்கவும், கணுக்கால் பிசகினால் கட்டுப் போடவும். பயண இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவும். சாகச விளையாட்டு சேராது என்று பல பாலிசிகளில் ஓரமாக எழுதியிருக்கும். பனியில் முறிவது பெரும்பாலும் ஓரத்தில் எழுதிய இடத்தில்தான்.

துணிமணி வாங்குவதில்தான் திருச்சிக்காரன் ஏமாறுவான். எவ்வளவு தடியான கோட் என்று பார்க்கக்கூடாது. ஒல்லியாக மூன்று அடுக்கு. உள்ளே வியர்வையை உறிஞ்சித் தங்கவைக்காத துணி, நடுவில் கம்பளி, வெளியே நனையாத சட்டை. திருப்பூர் பனியன் தங்கமான பனியன்தான், ஆனால் பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டி விறைக்கும். ஜீன்ஸ் கூடவே கூடாது. கறுப்புக் கண்ணாடி அவசியம்; வெள்ளைப் பனியில் பட்டுத் திரும்புகிற வெயில், பாளையம் பஸ் ஸ்டாப் வெயிலை விடப் பொல்லாதது என்கிறார் சுபேதார். ஸ்வெட்டர் நம் ஊர்ப் பக்கம் வருஷா வருஷம் வருகிற திபெத்தியர் கடையில். வெளிச் சட்டையும் பூட்ஸும் அங்கேயே நாள் வாடகை.

எல்லாம் சரி, போன பிறகு பனி இல்லாவிட்டால்? சிரிக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்க இருந்த தேசிய குளிர்காலப் போட்டியே பனியில்லாமல் நின்றுபோனது. 2024 ஜனவரியில் குல்மர்க் வறண்டு கிடந்த படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த கேலோ இந்தியா போட்டியையும் பனிக்காகத் தள்ளி மார்ச்சில்தான் நடத்தினார்கள். வீரர்களுக்கே இந்தக் கதி என்றால் ஏலச்சீட்டுக்காரன் எம்மாத்திரம்? மகளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரை பஸ் ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"பனி இல்லேன்னாலும் போலாம்ப்பா. பாட்டி அங்க நரசிம்மரைப் பாக்கறதை நான் பாக்கணும்" என்றாள்.

அதற்கப்புறம் பேச்சே இல்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாள் அல்ல, 60 நாள்தான். ஆகவே சரியாக அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு ஜங்ஷன் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கே போய் இடம் பிடிக்கும் பொறுப்பை சுபேதார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தை இப்போதே வாங்கி வந்து மேஜைமேல் விரித்தேன். அம்மா பெயர், வயது 74. எனக்கு 49. பெண்களுக்கு நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால், இடம் இருக்கிற பட்சத்தில் கேட்காமலே லோயர் பெர்த் கொடுப்பார்கள்; அம்மாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கீழ்ப் படுக்கை கிடைத்தால் ராத்திரி துணையாக இருக்கும் என்று மனைவியிடம் விளக்கினேன்.

ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நாப்பத்துநாலுன்னே போடுங்கோ. நான் மிடில் பெர்த்துல ஏறிக்கறேன்."